கவுனுக்குக் கீழே

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் படிக்கிறேன். இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டு கிராமத்துப் பெண் வேடத்தில் தன்னார்வலராக நிற்கிறேன். விறகடுப்பு எரியும் குடிசை, வெளியே முற்றம். கடையில் வாங்கிய பாலியஸ்டர் உடுப்பில் டிசம்பர் குளிர் தாங்கவில்லை. தாழ்ந்த கழுத்தும் முக்கால் கையுமாக அந்தப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள்? நானே தைக்க நினைக்கிறேன். எதில் தொடங்குவது? அல்லது உள்ளே தெர்மல் போட்டுக்கொண்டால் போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தெர்மல் போட்டால் குளிர் அடங்கும்தான். ஆனால் அந்த உடுப்பு எப்படி வேலை செய்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். பார்க்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? தைத்துவிடுங்கள்.

கவுனில் மட்டும் தொடங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். குளிரைத் தடுத்ததில் பெரும்பங்கு உள்ளே இருந்தவற்றுக்குத்தான். உடம்பை ஒட்டி லினன் உள்சட்டை. வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், அடிக்கடி துவைக்கவும் தாங்கும். காலுக்குக் கம்பளிக் காலுறை, முழங்காலருகே நாடாவால் கட்டியது. மேலே கச்சு: பல அடுக்கு லினனுக்குள் திமிங்கிலத்தின் வாய்த் தகடுகளைச் செருகித் தைத்தது, மார்புக்கும் முதுகுக்கும் காற்றை அண்டவிடாது. தாழ்ந்த கழுத்தில் ஒரு கழுத்துக்குட்டையைச் சுற்றி முனைகளை உள்ளே செருகிக்கொள்வார்கள். ஓவியருக்கு முன்னால் அலங்கரித்து உட்கார்ந்த சீமாட்டியை வைத்துக் கிராமத்துப் பெண்ணை எடைபோட முடியாது.

அப்புறம் பாவாடை. நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். மேலே ஒரு துணி, கீழே லைனிங், நடுவில் சிக்கெடுத்த கம்பளிப் பஞ்சு. மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சின்னச் சின்ன ஓட்டுத் தையலால் சேர்ப்பார்கள். வசதியானவர்களுக்கு மேல்துணி பட்டு. உங்கள் வேடத்துக்கு மினுக்கிய கம்பளித் துணியே சரி. பழைய பாவாடை ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்க்கக் கிடைத்தால் விளிம்பிலிருந்து மேலே பாருங்கள். கீழே பூவும் இலையும் இறகும் நெருக்கமாக ஓடும்; மேலே போகப் போக வெறும் கட்டங்கள்தான். மேல்பகுதி கவுனுக்குள்ளும் ஏப்ரனுக்குள்ளும் மறைந்துவிடும், அங்கே எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்! பஞ்சை மெல்லிசாகவே பரப்புங்கள். தடித்தால் ஊசியும் ஏறாது, இடுப்பில் கொசுவமும் படியாது. இடுப்பில் முன்னுக்கு ஒரு நாடா, பின்னுக்கு ஒரு நாடா. இரண்டு பக்கமும் திறப்பு. அதன் வழியே கையை விட்டால் இடுப்பில் தனியாகக் கட்டிய பைகள் கிடைக்கும்.

நம் சோழமண்டலக் கரையில் பருத்தியில் சாயத்தால் பூப்போட்ட சீட்டித் துணியும் இப்படிப் பஞ்சு வைத்த உடுப்பாகியிருக்கிறது, ஹாலந்தில் குறிப்பாக. சாயவேரின் சிவப்பு எத்தனை துவைத்தாலும் போகாது என்பதால் அதற்கு அவ்வளவு மோகம். உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போக, சாயமிட்ட பருத்தித் துணி உடுத்தக்கூடாது என்று இங்கிலாந்தில் 1721இல் சட்டமே போட்டார்கள். 1774 வரை அது நீடித்தது.

முற்றத்தில் நிற்க, தலைமூடி வைத்த சிவப்புக் கம்பளி மேலங்கி. இதற்குத் துணி சரியாக அமைய வேண்டும். நெய்ததை நீரில் போட்டு மிதித்தோ ஆலையில் அடித்தோ சுருங்க வைப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி கெட்டியாகிவிடும். தூறல் சட்டென்று இறங்காது. வெட்டின விளிம்பும் பிசிர் விடாது, மடித்துத் தைக்க வேண்டியதே இல்லை. நீங்கள் இருப்பதோ கம்பளித் துணியால் வளர்ந்த ஊர். நல்ல துணி தேடிக் கிடைக்காமல் போகாது.

விறகடுப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, பாலியஸ்டரோடு தயவுசெய்து அதன் அருகே போகாதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் பற்றாது, நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணைந்தும்விடும்.

கடைக்காரர் கம்பளி என்று சொன்னால் நம்பி மொத்தமாக வாங்கிவிட வேண்டாம். ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, நூலொன்றை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான உருண்டை நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, வேறு கடை பாருங்கள்.