சேலத்தில் ஒரு பங்க் பாப் பேண்ட் எப்படிச் சேர்ந்தது?

எங்கள் பேண்டில் நாலு பேர். வாசிப்பது பங்க் பாப், அதாவது வேகமும் இரைச்சலும் கூடிய, ஆனால் மெட்டு சட்டென்று மனதில் ஒட்டும் ராக் இசை. எங்களைச் சேர்த்து வைத்தது அம்மாப்பேட்டையில் இருக்கும் ஒரு விசைத்தறிப் பட்டறை.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே க்ரீன் டே என்ற அமெரிக்க பங்க் பாப் குழு என்றால் உயிர். கிட்டாரில் தெரிந்தது பவர் கார்டு மட்டும். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்; அதிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ச, ப இரண்டை மட்டும் பிடிப்பது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் முழு கார்டு கலங்கிப்போகும், இது மட்டும் தெளிவாக நிற்கும். 1974ல் நியூயார்க்கில் தொடங்கிய ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, எல்லாம் சேர்ந்தே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் நம்மாலும் முடியும் என்ற தைரியம் வந்தது.

டிரம்ஸ் வைக்கத்தான் இடமில்லை. வாடகை வீட்டு மாடியில் ஒரே ஒரு நாள் அடித்தோம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். டிரம்மர் என்னோடு டிப்ளமோ படித்தவன், ஆடித் திருவிழாவில் பம்பைக்காரர்கள் பின்னாலேயே சுற்றி வளர்ந்தவன். அவனுடைய தாய்மாமாவுக்கு எட்டுத் தறி ஓடுகிறது. தறிக்கூடத்தை ஒட்டி நூல் மூட்டை போடும் அறை ஒன்று உண்டு. போய்க் கேட்டோம். "தறி ஓடுற வரைக்கும் எவ்வளவு வேணாலும் அடிங்கப்பா. தறி நின்னா நீங்களும் நிறுத்திரணும், பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கு" என்றார். இன்றைக்கும் அதுதான் எங்கள் சட்டம். கரண்ட் போனால் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிடுவான்.

அந்த அறையில் ஒரு சிக்கல். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியும் தடதடக்க, இவன் கை தன்னையறியாமல் தறியின் வேகத்துக்கு இறங்கிவிடும். காதில் இயர்போன் மாட்டி சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கேட்டுக்கொண்டே அடித்துப் பழகியபிறகுதான் வேகம் நிலைத்தது.

பேஸ் கிட்டார் வாசிப்பவன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறான். வேடிக்கை பார்க்க வந்தவன், நாலே மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

பாடுவதற்கு ஆள் தேடி அலைந்தோம். மைக் இல்லாமல் அந்தச் சத்தத்தில் யார் பாடினாலும் கேட்காது. ஒருநாள் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த மெட்டை யாரோ வெளியிலிருந்து முனகுவது தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. தறிக்குத் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றும் அக்கா. பதினைந்து வருடமாகத் தறிகளுக்கு மேலே குரல் கொடுத்துப் பேசிப் பழகிய தொண்டை அது. அப்படி ஒரு குரலை நான் நேரில் கேட்டதே இல்லை.

எங்கள் பாட்டுகளைத் தமிழாக்கியதும் அக்காதான். நான் எழுதிக் கொடுத்த முதல் பாட்டைப் பாடிவிட்டு, "தம்பி, நான் 'வீடு'ன்னு பாடுறேன், அது 'விடு'ன்னு விழுது பாரு" என்றார். செல்போனில் பதிவு செய்து கேட்டோம், உண்மைதான். நிமிடத்துக்கு 180 தாளத் தட்டு என்றால் அரைத் தட்டுக்குக் கிடைப்பது நொடியில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் நெடிலைத் திணித்தால் குறிலாகிவிடும், பாடு படு ஆகிவிடும், வாடை வடை ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரைக் கணக்கை எடுத்தேன். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. குறிலுக்கு அரைத் தட்டு, நெடிலுக்கு முழுத் தட்டு என்று வரிகளை உடைத்து மறுபடி எழுதினேன். மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் நாங்கள் பேண்ட் ஆனோம் என்று நினைக்கிறேன்.

முதல் கச்சேரி ஏற்காட்டில், நண்பனின் காபித் தோட்டத்தில், ஒரு கிறிஸ்துமஸ் சாயங்காலம். 20 கொண்டை ஊசி வளைவும் ஸ்நேர் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினோம். மேலே போனதும் குளிரில் கம்பிகள் இறுகி சுருதி ஏறிவிட்டது, இரண்டு முறை சேர்க்க வேண்டியிருந்தது. ஆறு பாட்டு, பதினேழு நிமிடம்.

முடிந்ததும் பழம் பறிக்கும் பாட்டி ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அது எந்த வீடு கண்ணு, நீ பொறந்த வீடா?"