காந்தியைக் குறையுள்ள மனிதராகக் குறும்படத்தில் காட்டலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காந்தியைக் கண்டிப்பான அப்பாவாகக் காட்டிக் குறும்படம் எடுக்கிறீர்கள், பெரியவர்கள் அவமதிப்பு என்று தடுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக எடுக்கலாம். மகாத்மா காந்தி பெயரிலேயே தமிழ்ப்பள்ளி உள்ள ஊர், அதனால் பெரியவர்களின் தயக்கம் புரிகிறது. அவர்களிடம் ‘சத்திய சோதனை’யை நீட்டுங்கள். டர்பன் வீட்டில் கழிவுச் சட்டியைத் தூக்கக் கஸ்தூரிபா முகம் சுளித்ததற்காக அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனதைக் காந்தியே அதில் எழுதியிருக்கிறார். அவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

மூத்த மகன் ஹரிலாலின் கதை இன்னும் கனமானது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். அப்பாவைப் போல இங்கிலாந்தில் சட்டம் படிக்க ஆசைப்பட்டார். உதவித்தொகை வந்தபோது காந்தி அதை வேறு இளைஞர்களுக்குக் கொடுத்தார். 1911இல் மகன் பிரிந்து போனார். குடி, கடன் என்று சீரழிந்து, காந்தி கொல்லப்பட்ட அதே 1948இல் இறந்தார்.

இங்கேதான் கவனம் தேவை. காந்தியை வில்லனாக்கினால் படம் படுத்துவிடும். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டக் கூடாது என்ற அதே பிடிவாதம்தான் ஊருக்கு அவரைத் தலைவராக்கியது, வீட்டில் மகனை ஒடித்தது. இரண்டும் ஒரே காட்சியில் தெரியட்டும். ஹரிலாலுக்கும் நல்ல வசனம் கொடுங்கள். பின்னணியில் சோக வயலின் மட்டும் வேண்டாம், தயவுசெய்து!

அப்புறம், திரையிடும் முன் அந்தப் பெரியவர்களுக்குத் திரைக்கதையைப் படித்துக் காட்டிவிடுங்கள்.