அமெரிக்கா ஒண்ணுக்கு பயப்படுது, ஐரோப்பா வேற ஒண்ணுக்கு: டிவி, சினிமா, கேம், பிள்ளை வளர்ப்பு பத்தி கேள்வி பதில்

கேள்விங்க நிறைய வந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன். நான் யாருன்னு கேட்டவங்களுக்கு: நியூ ஜெர்சியில பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இருந்துட்டு அப்புறம் ஜெர்மனிக்கு வந்தவ, இப்ப ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் ஸ்கூல் பசங்களுக்கு மீடியா பாடம் எடுக்குறேன், அதாவது எது செய்தி எது விளம்பரம், எந்த கேம் எந்த வயசுக்கு, அந்த மாதிரி. "ஐரோப்பால எப்படி"ன்னு மொத்தமா கேக்குறீங்க, ஸ்வீடனும் இத்தாலியும் இங்கிலாந்தும் ஒரே வீடு இல்லைங்க, அதனால நாட்டு பேர் சொல்லியே பதில் போடுறேன்.

கேள்வி (டல்லஸ்ல இருந்து ஒரு அப்பா): அக்கா, வேலை மாத்தி மியூனிக் வரோம். பொண்ணுக்கு 8, பையனுக்கு 12. அங்க டிவிலயும் வெளியிலயும் ட்ரெஸ் விஷயத்துல ரொம்ப ஃப்ரீன்னு ஆபீஸ்ல பயமுறுத்துறாங்க. உண்மையா?

உண்மைதான் தம்பி, அதுவும் நீங்க போறது மியூனிக். ஊருக்கு நடுவுல இங்கிலீஷ் கார்டன்னு பெரிய பார்க், அதுல ஒரு புல்வெளியில ஜனங்க துணியே இல்லாம வெயில் காய்வாங்க, பக்கத்துலயே சைக்கிள் போயிட்டு இருக்கும், யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. ஏரிக்கரையில சின்ன பசங்க அப்படியே ஓடும். சானாவுல, அதாவது வேர்க்க வைக்கிற சூடான குளியல் அறையில, ஆம்பள பொம்பள எல்லாரும் ஒண்ணாதான், ஸ்விம் ட்ரெஸ் போட்டுட்டு போனா உங்களைத்தான் வெளிய போக சொல்லுவாங்க. இதுல யாருக்கும் காமம்ங்கிற நினைப்பே இல்ல, உடம்புன்னா உடம்பு, அவ்வளவுதான்.

நீங்க வந்த நாட்டை நினைச்சு பாருங்க. 2004ல சூப்பர் பௌல்னு அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல் நடுவுல பாட்டு நிகழ்ச்சியில பாடகி ஜேனட் ஜாக்சனோட மார்பு ஒரு செகண்ட் கூட இல்ல, தெரிஞ்சுது. டிவி, ரேடியோவை கண்காணிக்கிற எஃப்சிசின்னு அரசு அமைப்பு 5,50,000 டாலர் அபராதம் போட்டு, அந்த கேஸ் வருஷக்கணக்கா இழுத்து 2011ல அப்பீல் கோர்ட் அபராதத்தை தள்ளுபடி பண்ணுற வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்கும் ஆன்டெனாவுல வர சேனல்ல ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும்தான் "அநாகரிகம்"னு அவங்க சொல்ற லெவல் விஷயத்துக்கு இடம். பசங்க முதல்ல கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க, அப்புறம் பழகிடும். பழகறதுக்கு நேரம் ஆகப்போறது உங்களுக்குத்தான்.

கேள்வி: அப்ப எல்லாத்துலயும் ஐரோப்பா லூஸ், அமெரிக்கா ஸ்ட்ரிக்ட்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்காதீங்க, ஏமாந்துடுவீங்க. அமெரிக்காவுல ஆர் ரேட்டிங் படத்துக்கு 17 வயசுக்கு கீழ இருக்குற பையன் அப்பா அம்மாவோட போகலாம், மூணு வயசு குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு ரத்தக்களரி படம் பாக்குற குடும்பத்தை நானே பாத்திருக்கேன். அந்த ரேட்டிங் சட்டமே இல்ல, 1968ல ஸ்டுடியோக்காரங்களே அரசாங்கம் உள்ள வந்துடக்கூடாதுன்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டது, முடிவு அப்பா அம்மா கையில. ஜெர்மனியில எஃப்எஸ்கேன்னு சினிமாவுக்கு வயசு போடற அமைப்போட முத்திரை, 0, 6, 12, 16, 18னு படி. இதை மீறக்கூடாதுங்கிறது சட்டம். 12 படத்துக்கு ஆறு வயசு தாண்டின பிள்ளையை பெத்தவங்க கூட்டிட்டு போலாம், ஆனா 16 முத்திரை படத்துக்கு 15 வயசு பையனை நீங்களே கையைப் புடிச்சு கூட்டிட்டு போனாலும் டிக்கெட் கிடையாது, விட்டா தியேட்டருக்கு அபராதம். "என் புள்ள, என் இஷ்டம்"னு அங்க பேச முடியாது.

எதுக்கு கோவம் வருதுங்கிறதும் வேற. "தி கிங்ஸ் ஸ்பீச்" படம், திக்குவாய் ராஜாவுக்கு பேச்சு சொல்லித்தர கதை, ட்ரீட்மென்ட்டுல ராஜா கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தையா கொட்டுவாரு. அந்த ஒரு காரணத்துக்கு அமெரிக்காவுல ஆர். பிரிட்டன்ல முதல்ல 15 குடுத்துட்டு அப்பீல்ல 12ஏன்னு இறக்கிட்டாங்க, அதாவது பெரியவங்களோட சின்ன பசங்களும் பாக்கலாம். யாருக்கும் ஒரு அடி கூட விழாத படம்ங்க அது.

கேள்வி (பதினேழு வயசு, நார்த் கரோலினா): ஜெர்மனியில கேம்ல ரத்தத்தையே எடுத்துடுவாங்களாமே, சும்மா மீமா இல்ல நிஜமா?

நிஜம்தான் கண்ணா. 1998ல வந்த ஹாஃப்-லைஃப் ஜெர்மன் வெர்ஷன்ல மனுஷ சோல்ஜர்ஸ் எல்லாம் ரோபோவா மாறிட்டாங்க, சுட்டா ரத்தம் கிடையாது. டூம் கேம் 1994ல இருந்து 2011 வரைக்கும் அரசாங்கத்தோட தடுப்பு லிஸ்ட்ல இருந்துச்சு, விளம்பரம் பண்ணக்கூடாது, கடையில கண்ணுல படுற மாதிரி வெக்கக்கூடாது, கேட்டா பெரியவங்களுக்கு மட்டும். நாஜிகளோட ஸ்வஸ்திகா சின்னம் 2018 வரைக்கும் கேம்ல வரவே முடியாது, ஹிட்லர் மீசையை எடுத்துட்டு வித்த கேம் கூட உண்டு. வரலாறு அப்படி. இந்த எஃப்எஸ்கே ஆரம்பிச்சதே 1949ல, போர் முடிஞ்சு நாலு வருஷத்துல, இங்க பக்கத்துல வீஸ்பாடன்ல. பசங்க மனசுல யூனிஃபார்மும் துப்பாக்கியும் ஒரு தடவை என்ன பண்ணுச்சுன்னு பாத்தவங்க எழுதின விதிங்கன்னு நினைச்சு படிச்சா புரியும்.

அதே 2011ல உங்க நாட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? கலிபோர்னியா 2005ல 18க்கு கீழ வயலன்ட் கேம் விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டிருந்துச்சு, அதை சுப்ரீம் கோர்ட் 7-2ல அடிச்சிடுச்சு, பேச்சு சுதந்திரத்துக்கு விரோதம்னு. தீர்ப்பு எழுதின ஸ்காலியா என்ன உதாரணம் காட்டினாரு பாருங்க, கிரிம் தேவதைக் கதைங்க! ஹான்சலும் கிரேட்டலும் கிழவியை அடுப்புல தள்ளுறாங்களே, பசங்களுக்கு வன்முறை கதை எப்பவும் குடுத்துட்டுதான் இருக்கோம்னு. ஜெர்மன் கதையை காட்டி அமெரிக்காக்காரன் கேமை விடுதலை பண்றான், ஜெர்மன்காரன் அதே மாதிரி கேமை பூட்டி வெக்கிறான். எனக்கு இதை நினைச்சா சிரிப்பு வரும். அந்த தீர்ப்பை எதிர்த்து எழுதின நீதிபதி ப்ரையர் நல்ல பாயின்ட் ஒண்ணு கேட்டாரு: 13 வயசு பையனுக்கு நிர்வாண படம் போட்ட பத்திரிக்கை விக்கறதை தடுக்கலாம், ஆனா அவன் ஒரு பொம்பளையை கட்டிப்போட்டு சித்ரவதை பண்ற கேமை விக்கறதை தடுக்க முடியாதுன்னா என்னங்க அர்த்தம்னு.

அதுக்கு பதில் எல்லாரும் சொல்ற "அமெரிக்கன்ஸ் சாமியார்தனமானவங்க" மட்டும் இல்ல. அங்க ஆபாசத்துக்கு பேச்சு சுதந்திர பாதுகாப்பு கிடையாதுன்னு கோர்ட் ரொம்ப நாளா சொல்லியிருக்கு, சின்னவங்களுக்கு விக்கற விஷயத்துல 1968லயே தனி தீர்ப்பு இருக்கு, வன்முறைக்கு மட்டும் அப்படி ஒரு விலக்கு என்னைக்குமே வரல. அதனால சட்டத்தோட கைக்கு எட்டுறது ஒண்ணுதான், அதைப் போட்டு அமுக்குது.

கேள்வி (எசன், ஜெர்மனி): அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம். மகன் முதலாம் வகுப்பு, ஆசிரியை அவனைத் தனிய நடந்து வர விடச் சொல்லுறா. எனக்கு நெஞ்சு பதறுது. இவையளுக்குப் பயமே இல்லையோ?

பயம் இருக்கும்மா, ஆனா வேற பயம். நீங்க கார்ல கொண்டு போய் வாசல்ல இறக்கினா, அந்த கார்தான் மத்த பிள்ளைக்கு ஆபத்துன்னு பாக்குறாங்க, பல ஸ்கூல்ல "பெற்றோர் டாக்ஸி வேண்டாம்"னு போர்டே இருக்கு. சும்மா தள்ளியும் விடல, ஸ்கூலுக்கு போலீஸ்காரர் வந்து ரோடு எப்படி தாண்டணும்னு நடந்து காட்டுவாரு, நாலாவதுல சைக்கிள் டெஸ்ட். முதல் ரெண்டு வாரம் நீங்க பத்தடி பின்னாடி போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பக்கத்து வீட்டு பிள்ளைங்களோட சேர்த்து விட்டா இன்னும் நல்லது.

அமெரிக்காவுல இதையே பண்ணினா போலீஸ் வரலாம். சும்மா சொல்லல, பிள்ளை தனியா நடந்து போறது அலட்சியம் ஆகாதுன்னு யூட்டா மாநிலம் 2018ல தனியா ஒரு சட்டமே போட வேண்டி வந்துச்சு. டென்மார்க்ல கைக்குழந்தையை தள்ளுவண்டியோட கடைக்கு வெளிய தூங்க விடுறது சாதாரணம், 1997ல ஒரு டேனிஷ் அம்மா நியூயார்க்ல அதே மாதிரி ரெஸ்டாரன்ட்டுக்கு வெளிய விட்டதுக்கு கைது பண்ணிட்டாங்க. ஆனா நியூ ஜெர்சியில நானும் தனியா விடல. ஃபுட்பாத் இல்ல, ஸ்கூல் நாலு மைல், நடுவுல ஆறு லேன் ரோடு, இதுல "சுதந்திரமான வளர்ப்பு"ன்னு எங்க போய் பேசறது. மனசு பாதின்னா ஊர் கட்டின விதம் பாதி.

கேள்வி (நியூ ஜெர்சி): நீங்க ஐரோப்பாவையே தூக்கி வெச்சு பேசுறீங்க. அமெரிக்காவுல ஒண்ணுமே நல்லதில்லையா?

வாங்க, உங்களுக்காக காத்துட்டு இருந்தேன். ஜெர்மனியில பெரும்பாலான மாநிலத்துல நாலாவது முடிச்சதும், பிள்ளைக்கு பத்து வயசு, கிம்னாசியம், அதாவது யுனிவர்சிட்டிக்கு தயார் பண்ற ஸ்கூல், போற பிள்ளையா இல்ல வேற ஸ்கூலான்னு பிரிச்சிடுவாங்க. பத்து வயசுல! மொழி இன்னும் சரியா வராத வெளிநாட்டு பிள்ளை, லேட்டா மலர்ற பையன், இவங்கல்லாம் அங்கேயே ஒதுங்கிடுறாங்க, பின்னாடி மாறலாம்னு சொல்லுவாங்க, மாறலாம்தான், ஏணி போட்டு ஏறணும். அமெரிக்காவுல 19 வயசுல கம்யூனிட்டி காலேஜ்ல உக்காந்து அங்கிருந்து பெரிய யுனிவர்சிட்டிக்கு போன பசங்களை எனக்கே தெரியும், யாரும் பழசை கிளற மாட்டாங்க. அப்புறம் எட்டு வயசு பிள்ளையை எழுந்து நின்னு பேச வெக்கறது, தப்பா சொன்னாலும் "நல்ல முயற்சி"ன்னு தட்டிக்குடுக்கறது, அதை இங்க நான் இன்னும் தேடிட்டு இருக்கேன். ஃப்ரான்ஸ் ஸ்கூல்ல படிச்ச ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கேளுங்க, தப்பு பண்ணினா கிளாஸ் முன்னாடி வாங்குறது என்னன்னு சொல்லுவாங்க.

கேள்வி: அமெரிக்காவுல 16ல கார், 21ல பீர். ஜெர்மனியில தலைகீழா?

ஆமா. இங்க 16ல பீர், வைன். 18ல தனியா கார். 2024 ஐரோப்பிய தேர்தல்ல ஜெர்மனியில 16 வயசு பசங்க ஓட்டும் போட்டாங்க. அமெரிக்காவுல 21ங்கிறது 1984 சட்டத்தால வந்தது, வயசை ஏத்தாத மாநிலத்துக்கு ஹைவே பணத்தை வெட்டுவோம்னு மிரட்டி வாங்கினது, காரணம் இள வயசு குடிகார ட்ரைவிங். பஸ் ட்ரெயின் இல்லாத ஊர்ல பையனுக்கு கார் குடுத்தே ஆகணும், அப்ப பாட்டிலை தள்ளிதான் வெக்கணும். இதுல கலாச்சாரத்தை விட பஸ் டைம்டேபிள்தான் பேசுதுன்னு நினைக்கிறேன்.

கேள்வி (நெதர்லாந்து, பேர் வேண்டாம்): பொண்ணுக்கு 17. அவ ஃப்ரெண்ட்ஸ் வீட்ல எல்லாம் பாய்ஃப்ரெண்ட் ராத்திரி தங்கறாங்களாம், பெத்தவங்களுக்கு தெரிஞ்சே. இவளும் கேக்குறா. இது என்ன வளர்ப்பு?

டச்சு வீடுங்கள்ல இது சகஜம், உங்க பொண்ணு பொய் சொல்லல. ஏமி ஷாலெட்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் டச்சு, அமெரிக்க பெத்தவங்க ரெண்டு பேர் கிட்டயும் உக்காந்து பேசி ஒப்பிட்டு எழுதியிருக்காங்க. அமெரிக்க வீட்ல அது ஹார்மோன், ஆம்பள பொம்பள சண்டை, "என் கூரைக்கு கீழ நடக்காது". டச்சு வீட்ல அது வளர்றதுல ஒரு படி, பேசி தீர்க்கற விஷயம். வெளிய இருந்து பாத்தா அவிழ்த்து விட்டுட்டாங்கன்னு தோணும், கவனிச்சு பாருங்க, அந்த பையன் வந்து அப்பா அம்மாவோட டேபிள்ல உக்காந்து சாப்பிடணும், காலையில முகத்தைப் பாத்து பேசணும், குடும்பத்துக்கு அவனை பிடிக்கணும். அதுவும் ஒரு கண்காணிப்புதான், இன்னும் சொல்லப்போனா கெட்டி கண்காணிப்பு. ஸ்கூல்ல சின்ன வயசுலயே உடம்பு, உறவு, வேண்டாம்னு சொல்றது எல்லாம் பாடமாவே வருது. டீன் ஏஜ் பிரசவம் அமெரிக்காவுல 90கள்ல இருந்து ரொம்ப குறைஞ்சிருந்தாலும் இன்னும் நெதர்லாந்தை விட அதிகம்தான்.

உங்களுக்கு சம்மதம் இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க, எல்லா டச்சு வீடும் ஒத்துக்கறதும் இல்ல. ஆனா "படிப்பு முடியட்டும்"னு நம்ம வழக்கப்படி பேச்சையே மூடிடாதீங்க, மூடினா அவ சொல்றதை நிறுத்திடுவா, வேற ஒண்ணும் நிக்காது.

கேள்வி: ஒரு அறை கூட விடக்கூடாதா?

ஸ்வீடன்ல 1979ல இருந்து கூடாது, உலகத்துலயே முதல் நாடு. ஜெர்மனியில 2000ல இருந்து, ஃப்ரான்ஸ்ல 2019. அமெரிக்காவுல வீட்ல பெத்தவங்க அளவோட அடிக்கறது எல்லா மாநிலத்துலயும் சட்டப்படி ஓகே, சில தெற்கு மாநிலத்துல ஸ்கூல்லயே அடிக்கறதுக்கு மரப்பலகை இருக்கு. ஜெர்மனிக்கு வர்றவங்க இதை ப்ளேன்ல ஏறும்போதே விட்டுட்டு வாங்க, கிட்டாவுல, அதாவது சின்ன பிள்ளைங்களைப் பாத்துக்கற இடத்துல, பிள்ளை சொன்னா கூப்பிட்டு கேப்பாங்க.

கேள்வி: ஃபோன், சோஷியல் மீடியா?

இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திணறுது. 13 வயசுன்னு எல்லா ஆப்லயும் கேக்குதே, அது அமெரிக்காவோட 1998 சட்டத்தால வந்தது. ஐரோப்பா பின்னாடி வந்து டேட்டா எடுக்க பிள்ளையே சம்மதம் சொல்ற வயசு 16ன்னு வெச்சு, நாடுங்க 13 வரைக்கும் இறக்கிக்கலாம்னு விட்டுச்சு, அப்புறம் பெரிய ப்ளாட்ஃபார்ம்ங்க சின்னவங்களை நோட்டம் விட்டு விளம்பரம் காட்டக்கூடாதுன்னு தடை. ஃப்ரான்ஸ் 2018லயே ஸ்கூல்ல ஃபோனை நிறுத்திடுச்சு, யூட்யூப்ல சம்பாதிக்கிற குழந்தைங்க பணத்தை பெத்தவங்க தின்னக்கூடாதுன்னு 2020ல சட்டம். அமெரிக்காவுல அந்த மாதிரி முதல்ல போட்டது இல்லினாய், 2024ல அமலுக்கு வந்துச்சு.

கேள்வி (டல்லஸ் அப்பா திரும்பவும்): அக்கா, டிவியே இல்லாட்டியும் ஜெர்மனியில டிவிக்கு மாசம் காசு கட்டணுமாமே, ஸ்கேமா?

ஸ்கேம் இல்ல தம்பி, வீட்டுக்கு 18.36 யூரோ, லெட்டர் வரும், கட்டிடுங்க, ஒளிஞ்சவங்க யாரும் தப்பிக்கல. அந்த காசுலதான் கிகான்னு பசங்க சேனல் ஓடுது, ஒரு விளம்பரம் கிடையாது. தனியார் சேனல்ல கூட பசங்க ப்ரோகிராமை நடுவுல வெட்டி விளம்பரம் போடக்கூடாது. ஸ்வீடன்ல 12 வயசுக்கு கீழ பசங்களை குறி வெச்சு டிவி விளம்பரமே கூடாது. அமெரிக்காவுல 80கள்ல கட்டுப்பாட்டை தளர்த்தினதும் பொம்மை கம்பெனிங்க பொம்மையை விக்கறதுக்கே கார்ட்டூன் எடுத்தாங்க, 1990ல சட்டம் வந்து மணிக்கு வார நாள்ல 12 நிமிஷம், வீக்கெண்ட்ல பத்தரை நிமிஷம்னு வரம்பு வெச்சுது, நிறுத்தல. விளம்பரம் இல்லாத பப்ளிக் டிவிக்கு போன கொஞ்ச நஞ்ச ஃபெடரல் பணத்தையும் 2025ல காங்கிரஸ் வெட்டிடுச்சு.

கிகா ராத்திரி 9 மணிக்கு முடிஞ்சிடும், பசங்க தூங்கணும்ல. அதுக்கப்புறம் போட்டா பெர்ண்ட்னு சோக மூஞ்சி வெச்ச ஒரு ரொட்டி வந்து புலம்பிட்டே இருக்கும், திரும்பத் திரும்ப. அந்த நேரத்துல அதைப் பாக்கறது பாதி பெரியவங்கதான், நானும் உண்டு.