அந்த அறையை ஏன் அப்படியே வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். ஐஸ் (மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள்) பழக்கத்துக்காக மறுவாழ்வு இல்லத்தில் இருந்த என் 26 வயது மகன், மூன்று மாதம் முடிந்து அடுத்த வாரம் வருகிறான். அவன் அறையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் வைத்திருக்கிறேன். என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்து கொடுத்த எலிகள் மறுபடி போதையைத் தேடவில்லை என்று படித்தேன். அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த மருந்து அழுகிய முட்டை மாதிரி நாறும். முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு உங்கள் கையால் அவன் சாப்பிடுவானா? 26 வயதுப் பிள்ளைக்குத் திருட்டுத்தனமாக மருந்து கொடுப்பது வளர்ப்பு அல்ல அம்மா. அதோடு, உங்கள் ஊரிலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். மெல்பர்ன், ஜீலாங், வொலொங்காங்கில் 153 பேரைச் சேர்த்து, தினமும் 2,400 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஐஸ் எடுத்த நாட்களும் குறையவில்லை, ஏக்கமும் குறையவில்லை. 2021இல் முடிவு வந்தது.

எலிக்குப் பலித்தது எப்படி? அதன் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் செருகியிருக்கும். கூண்டிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் போதை உள்ளே இறங்கும், கூடவே ஒரு விளக்கு எரியும். பழகியபின் போதையை நிறுத்திவிடுவார்கள். அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு எலி ஓய்ந்துவிடும். பிறகு மருந்தைக் கொடுத்து, பழைய விளக்கைக் காட்டி, மறுபடி எத்தனை முறை அழுத்துகிறது என்று எண்ணுவார்கள். அந்தக் கூண்டில் கைபேசி கிடையாது, விற்கிறவன் கிடையாது, சம்பள நாளும் கிடையாது.

ஆனால் எலிகள் சொன்ன வேறொன்றை நீங்கள் படிக்காமல் விட்டீர்கள். 2001இல் வெளியான ஆய்வில், கொக்கெயினுக்குப் பழகிய எலிகளைப் போதை நிறுத்திய மறுநாளும் 60 நாள் கழித்தும் சோதித்தார்கள். விளக்கும் ஒலியும் வந்ததும், 60 நாள் கழிந்த எலிகள்தான் அதிகமாக அழுத்தின. நாள் ஆக ஆக ஏக்கம் ஆறவில்லை, முற்றியது.

உங்கள் மகன் மூன்று மாதம் கழித்து வருகிறான். அவன் புகைத்த கட்டில், இழுத்துவிட்ட அதே திரை, மேசையில் அதே லைட்டர். இதையா பாசம் என்கிறீர்கள்? அந்த விளக்கை நீங்களே ஏற்றிவைத்துக் காத்திருக்கிறீர்கள்! பெற்றவர்கள் காக்க வேண்டியது பிள்ளையை, அவன் அறையை அல்ல.

இன்றே அவனை அழைத்து, எதையெல்லாம் அப்புறப்படுத்தட்டும் என்று கேளுங்கள். அவன் சொல்வதை மட்டும் எடுங்கள். மறைவாகச் சோதனை போடாதீர்கள். முடிந்தால் வேறு அறை கொடுங்கள், உங்கள் அறையையே கொடுத்தாலும் தகும். பழைய சிம்மை அவனே மாற்றட்டும்.

ஐஸ் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. இருப்பதில் நன்றாகப் பலன் தருவது பரிசுமுறை: வாரம் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை, சுத்தமாக இருந்தால் அப்போதே கடைக் கூப்பன், தொடர்ந்தால் மதிப்பு கூடும், தவறினால் முதலிலிருந்து. ஐஸ் சிறுநீரில் சுமார் இரண்டு முதல் நான்கு நாள்தான் தெரியும். வாரம் ஒருமுறை பார்த்தால் தப்பிவிடும். காசாகக் கொடுக்கவே கூடாது. இதை வீட்டில் நீங்கள் நடத்தினால் போலீஸ் வேலையாகிவிடும், சிகிச்சையகம் நடத்தட்டும். எங்கே கிடைக்கும் என்று தேசிய மது, போதைப்பொருள் உதவி எண் 1800 250 015இல் கேளுங்கள்.

ஒருமுறை சறுக்கினால் கத்தாதீர்கள். நெஞ்சுவலி, உடல் கொதிப்பு, வலிப்பு என்றால் உடனே அவசர உதவி எண் 000.