வாத்தியாரைக் கேளுங்கள்: ஷூவைப் பிரித்துப் போட்டவர்

(பதில் சொல்பவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 4 வருடம் பேட்டர்ன் வெட்டியவர். அப்புறம் வேலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 27 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

என் மகள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். ஷூவை வெட்டி முகமூடி செய்த ஒருவரின் படத்தைப் போனில் காட்டி, உலகப் புகழ் பெற்ற கலைஞர் என்கிறாள். நான் 14 வருடமாக ஷூவின் மேல்பாகம், அதாவது அப்பர் தைக்கிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் இவர்?
– வாசகி, ஆம்பூர்

தங்கச்சி, மகள் காட்டியது பிரயன் யுங்கன் செய்த வேலை. 1970-இல் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே ஃபோர்ட் செயின்ட் ஜான் என்ற ஊரில் பிறந்தவர். அம்மா டனேஸா பழங்குடி, அப்பா சுவிஸ் வழி. சின்ன வயதிலேயே இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். வான்கூவரில் கலைக் கல்லூரிப் படிப்பை 1992-இல் முடித்தார்.

1998-இல்தான் அந்த முகமூடிகளைத் தொடங்கினார். நைக்கி கம்பெனியின் ஏர் ஜோர்டான் கூடைப்பந்து ஷூ, அதுவும் புதுசு. அதைப் பிரித்து, துண்டுகளை வேறு விதமாகச் சேர்த்துத் தைத்து, சிலவற்றில் மனித முடியைத் தொங்கவிட்டார். 2005 வரை செய்தது மொத்தம் 23. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் சட்டை எண்ணும் 23. அந்த ஷூவின் சிவப்பு, கறுப்பு, வெள்ளைதான் அந்த நாட்டின் மேற்குக் கடற்கரைப் பழங்குடி முகமூடிகளிலும் எடுப்பாக இருக்கும் நிறங்கள். கடையில் ஷூவைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் முகமூடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். இவர் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டார். கம்பெனி முத்திரையைக்கூட மறைக்கவில்லை, அது பாட்டுக்குக் கன்னத்தில் கிடக்கிறது.

இதெல்லாம் மகளே உங்களுக்குச் சொல்லியிருப்பாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது தையலை. நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். தட்டையான தோலை வெட்டி, தைத்து, லாஸ்ட் என்கிற கால் அச்சில் ஏற்றி இழுத்துக் கால் வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் நம் தொழில். குதிகால் பக்கத்தில் ஏறிய அந்த வளைவு, பிரித்துப் போட்டாலும் போகாது. அந்த மனிதர் அதைத் தட்டிச் சமன் செய்யவில்லை. குதிகாலுக்கு வந்த வளைவு நெற்றிக்கும் மூக்குக்கும் ஆகும் என்று கண்டுபிடித்திருக்கிறார். உங்களைப் போன்ற ஆயிரம் பேர் போட்ட தையலை ஒருவர் இவ்வளவு பொறுமையாகப் படித்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பழைய வட ஆற்காட்டுச் செய்யாற்றில் இன்று அதே நைக்கி கம்பெனிக்கு ஷூ தைக்கிற பெண்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

சொந்தக் கதை ஒன்று. கம்பெனியில் இருந்தபோது கட்டிங் மேஜைக்கடியில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு மயில் ஒட்டினேன். வீட்டுக்கு எடுத்துப் போகையில் கேட்டில் பிடித்தார்கள். குப்பைக்குப் போகிற துண்டுதான், ஆனாலும் கம்பெனிச் சொத்து. அரை நாள் கூலி போச்சு, மயிலும் போச்சு. எங்க நைனா தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் நின்று கால் வெந்தவர். ‘வெட்டுறது உன் வேலை, ஒட்டுறது உன் வேலையா?’ என்று அவரும் இரண்டு போட்டார்.

செருப்பை முகத்தில் வைப்பது எவ்வளவு பெரிய அவமானம்! தன் இனத்தின் சாமி முகத்தையே செருப்பில் செய்தவரை எப்படிப் பாராட்டுவது?
– வாசகர், குடியாத்தம்

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்க்கிற ஊர்க்காரர் இப்படிக் கேட்பது நியாயம். நானும் முதலில் முகம் சுளித்தேன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, அவை காலில் மாட்டாத ஷூ. அங்கே இளைஞர்கள் வரிசையில் நின்று வாங்கி, போடாமல் பெட்டியிலேயே வைத்துப் பார்க்கிற சரக்கு. பூஜைப் பொருள் என்றே சொல்லலாம்.

இரண்டு, அந்தக் கடற்கரை மக்கள் முகமூடி போட்டு ஆடி, ஊருக்கு விருந்தும் பரிசும் கொடுக்கிற சடங்கின் பெயர் பாட்லாட்ச். கனடா அரசு அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, 1885 முதல் 1951 வரை. 1921-இல் ஒரு பெரிய சடங்குக்குப் பிறகு ஆட்களைச் சிறையில் போட்டு, முகமூடிகளைப் பறித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். முகமூடிக்கு அவமானம் அப்போதே நடந்துவிட்டது.

இன்னொன்று, அது அவருடைய இனத்துச் சாமியும் இல்லை. டனேஸாக்கள் மலைக்கு அந்தப் பக்கம் காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். கடற்கரை முகமூடி அவர்கள் மரபில் கிடையாது. ‘பழங்குடிக் கலையா, அப்படியென்றால் முகமூடிதானே’ என்று வெளியாள் நினைப்பதைத்தான் அவர் ஷூவில் தைத்துக் காட்டினார் என்பது என் எண்ணம். கடற்கரைக்காரர் ஒருவருக்கு இதில் வருத்தம் இருந்தால் அதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் மலையாளிப் பழங்குடி. நான் வரைந்தால் ‘தேன் எடுக்கிற மாதிரி வரை’ என்கிறார்கள். எனக்கு பஸ், மொபைல் டவர் எல்லாம் வரையப் பிடிக்கும். தப்பா?
– கல்லூரி மாணவர், ஜமுனாமரத்தூர்

தப்பே இல்லை தம்பி. ஜவ்வாது மலைக்கு பஸ் வரவில்லையா என்ன?

கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோமே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, யுங்கன் அவற்றை வெட்டித் திமிங்கில எலும்புக்கூடு செய்தார். 2000-இல் செய்த முதலாவது இருபது அடிக்கு மேல் நீளம், கூரையிலிருந்து தொங்கும். தூரத்தில் எலும்பு, கிட்டே போனால் நாற்காலி முதுகு.

அதே ஆள் 2012-இல் டுவேன் லிங்க்லேட்டர் என்ற க்ரீ பழங்குடிக் கலைஞரோடு சேர்ந்து, மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போவதைப் படமெடுத்தார். படத்தில் ஒலியே கிடையாது. காட்டுக்குள் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது நம் காதில் விழாது. எனக்கு இவர் வேலைகளிலேயே மிகவும் பிடித்தது இந்த மௌனம்தான். மரபை விட்டுவிடவும் இல்லை, கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கவும் இல்லை. கார் பாகங்களின் மீது மான் தோலை இழுத்துக் கட்டிப் பறை மாதிரி செய்து, அதை வெள்ளை ஃப்ரீசர் பெட்டிமேல் வைத்திருக்கிறார். வேட்டைக்காரன் வீட்டில் கறி இருப்பது ஃப்ரீசரில்தானே!

நீ டவரை வரை. தேன் எடுப்பதை உனக்குத் தோன்றும்போது வரையலாம், தோன்றாவிட்டால் விடு.

ஷூவும் நாற்காலியும் சரி. தோலில் ஏதாவது செய்திருக்கிறாரா? நாங்கள் தோல் ஊர்க்காரர்கள்.
– வாசகர், வாணியம்பாடி

யானை செய்திருக்கிறார். பழைய தோல் சோபாக்களைப் பிரித்து யானையாக அடுக்கி, அதை வெண்கலத்தில் வார்த்தார்கள். 2022-இல் டொராண்டோவில் ஒண்டாரியோ கலைக்கூடத்துக்கு வெளியே வைத்தார்கள். சர்க்கஸ் யானை பந்தின் மேல் நிற்கிற நிற்பு. ஜம்போ என்ற சர்க்கஸ் யானை அந்த மாகாணத்தில் ரயில் மோதிச் செத்தது, அதுவும் பாட்லாட்ச் தடை வந்த அதே 1885-இல். டனேஸா மொழியில் இந்தச் சிலைக்கு வைத்த பெயருக்கு ‘என் இதயம் கிழிகிறது’ என்று பொருள். சோபாவின் சுருக்கமும் தையலும் வெண்கலத்தில் அப்படியே விழுந்திருக்கின்றன. யானைத் தோலுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எதைத் தேடுவது?

பரிசு ஏதும் வாங்கினாரா?
– வாசகர், ராணிப்பேட்டை

கனடாவில் இளம் கலைஞர்களுக்கான சோபி விருது 2002-இல் தொடங்கியபோது முதல் பரிசு இவருக்கு. 2009-இல் வாஷிங்டனில் அமெரிக்கப் பழங்குடிகளுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. போதும்.

நான் எட்டாவது படிக்கிறேன். நானும் ஷூவில் முகமூடி செய்ய வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, சார்?
– மாணவி, பேரணாம்பட்டு

முதலில் முகமூடியை மறந்துவிடு பாப்பா. பழைய பள்ளிக்கூட ஷூ ஒன்றை எடு. லேஸைக் கழற்று. பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளேடால் தோலை அறுக்காமல் தையல் நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறு. ஒட்டின இடம் வரவில்லையென்றால் கொஞ்ச நேரம் வெயிலில் வை, பசை இளகும். பிரித்த துண்டுகளைச் செய்தித்தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, எண்ணிப் பார். ஒரு ஷூவுக்குள் இத்தனை துண்டா என்று ஆச்சரியப்படுவாய். அப்புறம் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார். எது மூக்கு, எது காது என்று அதுவே சொல்லும்.

உன் அண்ணன் ஷூ என்றால் அவனிடம் கேட்டுவிட்டு எடு.