அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஒரு ஃப்ரீ ஏஜென்ட் பாஸ் ரஷர் வந்தால் தற்காப்பு நிஜமாகவே மாறுமா? கார்னர்பேக்குகள் சுமாராக இருக்கும் அணி, பணத்தை யாருக்குப் போட வேண்டும்?

மாறும். ஆனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில், அதாவது சாக் எண்ணிக்கையில், அந்த மாற்றம் முழுசாகத் தெரியாது. பின்னால் நின்று தடுக்கிற ஏழு பேரின் வேலை லேசாகிவிடும். அவருக்குக் கொடுக்கும் கோடிகளில் பாதி அதற்காகத்தான் என்பது என் கட்சி. மில்வாக்கியில் குடியிருப்பதால் நான் எங்கள் விஸ்கான்சின் மாநில அணியான கிரீன் பே பேக்கர்ஸின் ரசிகன். உதாரணங்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக இரண்டு வரி. க்வார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் பாய்ந்து போய் அவரை நெருக்குபவர் பாஸ் ரஷர். எறிவதற்கு முன்பே கீழே சாய்த்துவிட்டால் அது சாக். பந்தை வாங்க ஓடும் ரிசீவர்களை ஒட்டி ஓடித் தடுப்பவர் கார்னர்பேக். ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று இருக்கும் ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்ட். மார்ச் மாதம் அந்தச் சந்தை திறக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். தற்காப்பில் 11 பேர். நான்கு பேர் பாய்ந்தால் ஏழு பேர் பின்னால் நிற்கலாம். எதிரணியில் பந்தை வாங்க ஓடக்கூடியவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர். ஐந்து பேரைக் காக்க ஏழு பேர் இருந்தால், அவர்களுடைய சிறந்த ரிசீவர் மேல் இரண்டு பேரைக்கூட ஒட்ட வைக்கலாம். ஆனால் அந்த நான்கு பேரால் க்வார்ட்டர்பேக்கை அசைக்க முடியவில்லை என்றால், கோச் ஐந்தாவது, ஆறாவது ஆளையும் அனுப்பியாக வேண்டும். அதுதான் பிளிட்ஸ். ஆள் கூடக் கூடப் பின்னால் ஓட்டை விழும். டாம் பிரேடி, பெய்டன் மேனிங் மாதிரி க்வார்ட்டர்பேக்குகளிடம் பிளிட்ஸ் அனுப்புவது பல நேரம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். பந்து இரண்டரை விநாடியில் கையை விட்டுப் போயிருக்கும், அதுவும் சரியாக அந்த ஓட்டைக்கு.

நல்ல பாஸ் ரஷர் ஒருவர் வந்தால் பிளிட்ஸ் இல்லாமலே அந்த நெருக்கடி வருகிறது. எதிரணியின் பக்கமும் கணக்கு மாறுகிறது. அவர்களுடைய முன்வரிசையில் ஐந்து பேர், பாய்பவர்கள் நான்கு பேர், உபரியாக ஒருவர் இருப்பார். அந்த உபரி ஆளை இவர் பக்கம் தள்ளுவார்கள். போதாது என்றால் முன்வரிசை ஓரத்தில் நிற்கும் டைட் எண்டையோ, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கையோ இவர் தோளில் ஓர் இடி இடித்துவிட்டு ஓடச் சொல்வார்கள். அப்படி இடித்துவிட்டுக் கிளம்புபவர் அரை விநாடி தாமதமாகத்தான் பந்துக்குத் தயாராவார். மற்ற மூன்று ரஷர்களுக்கும் ஒண்டிக்கு ஒண்டி வாய்ப்பு கிடைக்கும். கிரிக்கெட்டில் ஒரு முனையிலிருந்து ஒருவர் ரன்னே கொடுக்காமல் கட்டிப்போட, மறுமுனையில் சாதாரண பௌலர் விக்கெட் எடுப்பாரே, அதே கதைதான்.

இதைப் புரிந்துகொள்ள ஷக்கில் பாரெட்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. டென்வரில் வான் மில்லருக்கும் பிராட்லி சப்புக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக இருந்தவர். அங்கே எடுத்தது மொத்தம் 14 சாக். 2019 மார்ச்சில் டாம்பா பே பக்கனியர்ஸ் அவரை ஒரே ஒரு வருடத்துக்கு, சுமார் 40 லட்சம் டாலருக்கு எடுத்தது. இந்தச் சந்தையில் அது சில்லறைக் காசு. அந்த ஒரு சீசனில் மட்டும் 19.5 சாக் எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். அப்போது டாம்பா என்ன ஆனது? 7 வெற்றி, 9 தோல்வி. அவர்களுடைய க்வார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் அந்த வருடம் எதிரணியின் கைக்கே 30 முறை பந்தை எறிந்தார். அப்படிப்பட்ட அணியில் யார் பாய்ந்து என்ன?

அடுத்த வருடம் 2020. பாரெட்டின் சாக் எண்ணிக்கை 8 ஆக இறங்கியது. டாம்பா லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்தது. பிரேடி வந்தது பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருட நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் தற்காப்பு ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 24, எங்கள் மைதானமான லாம்போ ஃபீல்டு, எங்கள் வயிற்றெரிச்சல் நாள். சீசன் முழுக்க 20 முறை மட்டுமே சாக் வாங்கிய எங்கள் க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ், அந்த ஒரே ஆட்டத்தில் 5 முறை விழுந்தார். பாரெட் 3, அவருடைய சக ரஷர் ஜேசன் பியர்-பால் 2. முன்வரிசையின் இடது ஓரத்தைக் காக்கும் எங்கள் லெஃப்ட் டேக்கிள் டேவிட் பக்தியாரி முழங்கால் போய் வெளியே உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் ஆடிக்கொண்டிருந்த பில்லி டர்னரை அவர் இடத்துக்கு மாற்றி, வலப்பக்கம் ரிக் வாக்னரை நிறுத்தினார்கள். இரண்டு ஓரமும் தற்காலிக ஏற்பாடு. டாம்பா இரண்டு ஓரத்திலும் கை வைத்தது.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டிக்கும் அதே கதி. அவர்களுடைய இரண்டு முதல்தர டேக்கிள்களும் காயத்தால் இல்லை. டாம்பாவின் தற்காப்புக் கோச் டாட் பௌல்ஸ், பிளிட்ஸ் அனுப்புவதில் பேர்போனவர். அன்றைக்குக் கிட்டத்தட்ட அனுப்பவே இல்லை. நான்கு பேரை மட்டும் பாயவிட்டு, கடைசி வரிசையில் காக்கும் இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி, நீண்ட எறிதல்களுக்குக் கதவைச் சாத்தினார். கன்சாஸ் சிட்டியின் க்வார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் மேல் 29 முறை நெருக்கடி. ஒவ்வொரு முறையும் பின்னால் ஓடி, வட்டம் அடித்து, விழுந்துகொண்டே எறிந்தார். கன்சாஸ் சிட்டிக்கு ஒரு டச்டவுன் கூட இல்லை, 31-9 தோல்வி. மொத்த சாக் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. ஸ்கோர் கார்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ராத்திரி பாரெட் குழு என்ன செய்தது என்பதே புரியாது.

சரி, இப்படிப்பட்ட ஆள் சந்தையில் கிடைப்பாரா? உச்சத்தில் இருக்கும் பாஸ் ரஷரை எந்த அணியும் லேசில் விடாது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஃப்ராஞ்சைஸ் டேக் போட்டு இன்னொரு வருடம் கட்டிவைக்கும். அதனால் வெளியே வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பாரெட் மாதிரி வேறொரு நட்சத்திரத்தின் நிழலில் இருந்தவர்கள் ஒரு வகை. வயதும் காயமும் வந்து, பழைய அணி சம்பளச் சுமைக்காகக் கழற்றிவிட்டவர்கள் இன்னொரு வகை. டிமார்கஸ் வேர் இரண்டாவது வகை. டாலஸ் 2014 மார்ச்சில் அவரை விடுவித்தது, அப்போது வயது 31. டென்வர் மூன்று வருடத்துக்கு 3 கோடி டாலர் கொடுத்தது. அதே மார்ச்சில் கார்னர்பேக் அக்கிப் தலீபையும் சேஃப்டி டி.ஜே. வார்டையும் சேர்த்தே வாங்கினார்கள், கவனிக்கவும். 2015 சீசனின் சூப்பர் பௌலில் கரோலினா க்வார்ட்டர்பேக் கேம் நியூட்டனுக்கு எதிராக மில்லர் 2.5 சாக், எதிர் ஓரத்திலிருந்து வேர் 2. கோப்பை டென்வருக்கு.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஒரு பெரிய பெயர் ரெஜி வைட். ஃபிலடெல்பியாவுக்காக 121 ஆட்டத்தில் 124 சாக் எடுத்தவர், முழு பலத்தோடு சந்தைக்கு வந்தார். காரணம், அந்தச் சந்தையே அவர் பெயரும் முன்னால் நின்ற வழக்கால் திறந்ததுதான். ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்து, 1993-ல் இன்றைய வடிவத்தில் ஃப்ரீ ஏஜென்சி தொடங்கியது. பெரிய நகரங்கள் எல்லாம் அவரைக் கூப்பிட, குளிரில் விறைக்கும் சின்ன ஊரான கிரீன் பேயைத் தேர்ந்தெடுத்தார். நான்கு வருடம், 1 கோடியே 70 லட்சம் டாலர். கோச் மைக் ஹோம்கிரென் அவருடைய ஆன்சரிங் மெஷினில், 'ரெஜி, கடவுள் பேசுகிறேன், கிரீன் பேக்குப் போ' என்று சொல்லிவைத்ததாக ஒரு கதை இங்கே இன்றும் ஓடும். வைட் பாதிரியாரும்கூட என்பதால் அந்தக் கேலி சரியாகப் பொருந்தியது.

1992-ல் விட்டுக்கொடுத்த யார்டு கணக்கில் பேக்கர்ஸ் தற்காப்பு 23-ஆம் இடம். வைட் வந்த 1993-ல் 2-ஆம் இடம். ஆனால் இரண்டு வருடமும் வெற்றி தோல்வி ஒன்றுதான்: 9-7. இளம் க்வார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் 1993-ல் 24 முறை பந்தை எதிரணிக்கு எறிந்துவிட்டார். இருந்தும் பிளேஆஃப் கிடைத்தது, 1982-க்குப் பிறகு முதல்முறையாக. அப்புறம் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். 1994-ல் எதிர் ஓரத்துக்கு ஷான் ஜோன்ஸ், 1996-ல் நடுவுக்கு சன்டானா டாட்சன். வைட்டே வந்துவிட்டார் என்றால் நாமும் போகலாம் என்று மற்ற ஆட்டக்காரர்கள் நினைத்தது, எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத லாபம். 1996-ல் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி பேக்கர்ஸ்தான், 210.

அந்த சீசனின் சூப்பர் பௌல் வீடியோ கிடைத்தால் மூன்றாவது குவார்ட்டரைப் பாருங்கள். நியூ இங்கிலாந்து 27-21 என்று நெருங்கிவிட்டது. உடனே டெஸ்மண்ட் ஹோவர்ட் கிக்கை வாங்கி 99 யார்டு ஓடினார், எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான். நான் பார்க்கச் சொல்வது அதற்கு அடுத்து நடந்ததை. வைட் அடுத்தடுத்து இரண்டு சாக் எடுக்கிறார். எதிரில் ரைட் டேக்கிள் மேக்ஸ் லேன். வைட் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுகிறவர் மாதிரிக் கிளம்புவார். லேன் அவரை மறிக்கத் தன் எடையை வெளிப்பக்கம் சாய்ப்பார். சாய்ந்த அந்தக் கணத்தில் வைட் உள்பக்கக் கையை அவர் அக்குளுக்கடியில் கொடுத்து ஒரே தூக்கு. சுமார் 300 பவுண்டு மனிதர் கால் தரையில் பாவாமல் ஓரமாகப் போவார். க்வார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோவுக்கு முன்னால் அப்போது யாருமே இல்லை. அன்று மொத்தம் 3 சாக், அப்போதைய சூப்பர் பௌல் சாதனை.

இதெல்லாம் சொன்னதால் பணத்தை அள்ளிக் கொட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ல் பேக்கர்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு பேரை வாங்கியது. ஸடேரியஸ் ஸ்மித் நான்கு வருடத்துக்கு 6 கோடியே 60 லட்சம் டாலர், பிரெஸ்டன் ஸ்மித் 5 கோடியே 20 லட்சம். ஒருவர் 13.5 சாக், இன்னொருவர் 12. முந்தைய வருடம் 6 வெற்றி மட்டுமே பெற்ற அணி 13-3 என்று பறந்தது. ஸடேரியஸை ஓரத்திலேயே நிறுத்தாமல், சில நேரம் உள்ளே, டேக்கிளுக்கு அடுத்து நிற்கும் கார்டுக்கு எதிரில் நிற்கவைத்துப் பாயவிட்டது நல்ல யோசனை. கார்டுகள் கனமானவர்கள், பக்கவாட்டில் அவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் சூப்பர் பௌலுக்கு முந்தைய மாநாட்டு இறுதி ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ என்ன செய்தது? எறியவே இல்லை. ஜிம்மி கரோப்போலோ ஆட்டம் முழுக்க எறிந்தது 8 பந்து. மீதி எல்லாம் ஓட்டம். ரன்னிங் பேக் ரஹீம் மோஸ்டர்ட் மட்டும் 220 யார்டு, 4 டச்டவுன். எறியாத க்வார்ட்டர்பேக்கிடம் பாஸ் ரஷருக்கு என்ன வேலை? 2021-ல் ஸடேரியஸ் முதுகுவலியோடு, பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கமான சீசனில் முதல் ஆட்டம் மட்டும் ஆடினார், அடுத்த மார்ச்சில் விடுவித்தார்கள். நான்கு வருட ஒப்பந்தம் என்று எழுதியிருந்தாலும் பலன் இரண்டு வருடம்தான். பெரும்பாலான ஒப்பந்தங்களை அப்படித்தான் படிக்க வேண்டும்.

சின்சினாட்டி இன்னும் பரிதாபம். ட்ரே ஹென்ரிக்சனை 2021-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து எடுத்தார்கள், அந்த சீசனே சூப்பர் பௌல் வரை போனார்கள். 2024-ல் அவர் 17.5 சாக்கோடு லீகில் முதலிடம், அவர்களுடைய க்வார்ட்டர்பேக் ஜோ பரோ எறிந்த யார்டிலும் முதலிடம். அணி 9-8, பிளேஆஃப் கிடையாது. அவரைச் சுற்றியிருந்த மற்றவர்கள் அவ்வளவு ஓட்டை.

ஆக உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில்: கார்னர்பேக்குகள் சுமாராக இருந்தாலும் முதலில் பாஸ் ரஷர்தான். சுமாரான கார்னர்பேக்கும் இரண்டரை விநாடி தாக்குப்பிடிப்பார். நான்கு விநாடி என்றால் நல்லவரும் திணறுவார். ஆனால் உங்கள் அணியால் எதிரணியின் ஓட்டத்தை நிறுத்த முடிகிறதா, நடுவில் இருந்து தள்ளக்கூடிய ஒரு தற்காப்பு டேக்கிள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். க்வார்ட்டர்பேக் முன்பக்கம் ஏறித் தப்பிக்க வழியிருந்தால், ஓரத்திலிருந்து வருபவர் சும்மா வட்டம்தான் அடிப்பார். அந்த இரண்டும் இருந்தால், போன வருடம் சாக் பட்டியலில் மேலே இருந்த 30 வயதுக்காரரை விட்டுவிட்டு, வேறொரு அணியில் மூன்றாவது ஆளாகக் குறைந்த நேரமே ஆடிக்கொண்டிருக்கும் 26 வயதுக்காரரைத் தேடச் சொல்வேன். பாரெட், ஸடேரியஸ், ஹென்ரிக்சன் மூன்று பேருமே சந்தைக்கு வந்தபோது அவர்களுக்கு அந்த வயதுதான்.