பூட்டிக் கிடக்கும் அம்பாசிடரைக் கட்டி இழுக்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடர், அவர் மறைந்தபின் ஒன்பது ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்தால் ‘டக்’கென்ற ஒரு சத்தத்தோடு சரி. டிராக்டரில் கட்டி இழுத்தால் இன்ஜினின் பிடிப்பு விட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா, ஐயா?
– நாமக்கல் வாசகர்

பதில்: தயவுசெய்து கட்டி இழுக்காதீர்கள், செல்ஃபும் இப்போதைக்கு அடிக்க வேண்டாம். இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவதொரு சிலிண்டரின் வால்வு திறந்தேதான் இருக்கும். சைலன்சர் வழியாகவோ கார்பரேட்டர் வழியாகவோ மழைக்கால ஈரம் அதற்குள் புகுந்து, வார்ப்பிரும்பு போரையும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) பிஸ்டன் ரிங்குகளையும் துருவால் ஒட்டிவிடும். அந்த நிலையில் டிராக்டரின் பலத்தைக் காட்டினால் ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அப்படி இழுத்த வண்டியைப் பிரித்தபோது, விரல் நகம் மாட்டும் ஆழத்துக்குப் போரில் கோடு விழுந்திருந்ததைப் பார்த்தேன். எண்ணெய் ஊற்றிப் பொறுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய இன்ஜின் அது.

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயையோ, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்ததையோ, ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாய் செருகி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 50 மில்லி அளவு விடுங்கள். மறுநாள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்; எண்ணெய் இறங்கியிருந்தால் ரிங்குகளின் இடுக்கில் ஊறுகிறது என்று பொருள். ஒரு வாரமாவது இதைத் தொடருங்கள்.

பிறகு சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை முன்பக்கம் போடுங்கள். கட்டை விரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும்; எதிர்த்து உதைத்தால் கை பிழைக்கும். ஹேண்டில் அசையாவிட்டால் அதன்மேல் ஏறி மிதிக்காமல், கட்டையை எடுத்துவிட்டு, டாப் கியரில் வண்டியை முன்னும் பின்னுமாகச் சற்றே ஆட்டிப் பாருங்கள். நூலளவு அசைவு தெரிந்தாலே போதும். மேலும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். சுற்றத் தொடங்கியதும் இன்ஜின் மேலுள்ள டேப்பட் கவரைத் திறந்து, எட்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று ஒருவர் கவனிக்க வேண்டும். இறங்கிய வால்வு மேலே வராமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். இல்லையேல் பிஸ்டன் அதில் இடித்து வால்வு வளையக்கூடும்.

இன்ஜின் தாராளமாகச் சுற்றியபின் சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) உள்ளதை முழுவதும் வடித்து, புதிய 20W-50 ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தால் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கக்கூடாது. டேங்கையும் கார்பரேட்டரையும் கழுவி, ரப்பர் குழாய்களை இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குபவையாக மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கலாம், அதையும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரேடியேட்டரில் நீர் நிரப்புங்கள்.

பிளக் துளைகளைத் துணியால் மூடி, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃபை இடைவெளி விட்டு விட்டு அடித்த பிறகே பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்; தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் வரும் நீலப் புகை நாம் ஊற்றிய எண்ணெய்தான். அரை மணி நேரம் ஓடியும் அது குறையவில்லையென்றால் ரிங்குகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பிரேக்கின் வீல் சிலிண்டர்களும் பிடித்திருக்கும் என்பதால், அவற்றைச் சரிசெய்யும்வரை வண்டி கொட்டகையை விட்டு இறங்கக்கூடாது. முதல் ஓட்டம் முடிந்ததும், சூடு ஆறுவதற்குள் அந்தப் புது ஆயிலையும் வடித்துவிடுங்கள். கரைந்து வந்த துருவும் பிசினும் அதோடு வெளியேறும்.